முதலில் செய்யுள், பிறகு பயன்

என் கணவர் முருகன் கோயிலில் புராணத்துக்குப் பயன் சொல்கிறவராக இருந்தார். எங்கள் பக்கத்தில் புராணம் படிப்பது இரண்டு பேரின் வேலை. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, இருந்து கேட்கிற சனத்துக்கு விளங்கும் தமிழில் பொருள் சொல்வார். அந்தப் பொருளைத்தான் பயன் என்போம். வாசிக்கிறவர் ஒரு செய்யுளை முடித்ததும் நிறுத்திவிடுவார். பயன் சொல்லி முடியும்வரை அடுத்த செய்யுளுக்குப் போகமாட்டார். முதலில் செய்யுள், பிறகு பயன். எங்கள் எழுவைதீவில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் இந்த ஒழுங்கு தெரியும்.

அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். நான் பத்தாம் வகுப்புச் சோதனை எழுதி, கணக்கில் தவறிவிட்டு வீட்டில் நின்றவள். எங்களுக்கு வீட்டைச் சுற்றி ஒரு சிறு வளவும் பனைகளும் பதினான்கு ஆடுகளும் இருந்தன. கோயிலில் நான் பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் இருப்பேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்கு வாய் ஒட்டிப்போகும். ஆனால் பயன் சொல்லப் போகும் நாட்களில் அவர் காலையிலேயே ஆட்டுக் கொட்டிலில் தீனிக்குக் குழை கட்டிக்கொண்டு அதைச் சொல்லிப் பார்ப்பார். குசினிக்குள் அடுப்படியில் நின்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பழைய இலக்கியம் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்டுக் கொட்டிலில் இருந்து வந்ததுதான்.

சொல்லிப் பார்க்கிறபோது எங்காவது தடைப்பட்டால், "இஞ்சாரும்" என்று கூப்பிடுவார். இங்கே பாரும் என்பதுதான் அது. எங்கள் பக்கத்தில் புருசன் பெண்சாதி ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. அவருக்கு நான் இஞ்சாரும், எனக்கு அவர் இஞ்சாருங்கோ. இருபத்தெட்டு வருடம் அப்படித்தான்.

"இஞ்சாரும், இப்பிடிச் சொன்னா விளங்குமோ?"

"எனக்கு விளங்கினா எல்லாருக்கும் விளங்கும்," என்பேன். அது எங்களுக்குள் ஒரு பகிடி.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, பூவரசில் குழை வெட்டிக்கொண்டு நின்றவர் கொக்கி கட்டிய கொக்கத்தடியோடு சரிந்து விழுந்தார். பாரிசவாதம். ஊர்காவற்றுறைக்குப் படகில் கொண்டுபோய், அங்கிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். உயிர் தப்பியது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. "இது" என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் இது, வெளிச்சம் கண்ணில் படுகிறதென்றாலும் இது. நான் ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டிக் கேட்பேன். அவருக்குக் கோபம் வரும், பிறகு கண் கலங்கும்.

காலும் கையும் திரும்ப வரவேண்டும் என்று நான் கோயிலில் நேர்ந்துகொண்டது குறைவு. கதிரையில் இருந்தாலும் பரவாயில்லை, என்னை ஒருக்கால் இஞ்சாரும் என்று கூப்பிட்டால் போதும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கு இரண்டு கிழமைக்கு ஒரு முறை வரச் சொல்லி அட்டை தந்தார்கள். முதல் மாதங்களில் தவறவிடக் கூடாது என்றும் சொன்னார்கள். அவரைச் சக்கரம் வைத்த சில்லுக் கதிரையோடு தூக்கிப் படகில் இறக்க நாலு ஆண்கள் வேண்டும். அந்தப் பக்கம் ஏற்ற வேறு நாலு பேர். பிறகு ஓட்டோவில் கோசுவே என்ற கடற்பாலம் தாண்டி யாழ்ப்பாணம். போய்வர ஒரு முழுப் பகல். ஆட்களிடம் கேட்பதுதான் எனக்குப் பெரிய பாடு. முதல்நாளே படகுத் துறையடிக்குப் போய், சொல்லாமல் திரும்பி வந்து, பிறகு மறுபடி போய்க் கேட்பேன். அப்படி இரண்டு முறை போனோம்.

அதற்கு அடுத்த கிழமை வந்த வெள்ளிக்கிழமை, கோயிலில் வாசிக்கிற அண்ணை வீட்டுக்கு வந்தார். கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது வருடமாக அவர் வாசிக்க, என் கணவர் பயன் சொல்லி வந்தவர். கையில் துவாயால் சுற்றிய புராணப் புத்தகம்.

"என்ன காணும், பகலிலையும் படுக்கையோ? நான் தனிய நிண்டு கத்துறன், பயன் சொல்ல ஆளில்லை. சனம் விளங்காமலே கும்பிட்டிட்டுப் போகுது," என்று சொல்லிக்கொண்டே கதிரையை இழுத்துப் போட்டார்.

என் கணவர் சிரிக்கப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம்தான் போனது.

அண்ணை ஒரு செய்யுளைத் தொடங்கினார். நான் குசினியில் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாம் அடி முடிந்து மூன்றாம் அடி வரும்போது இன்னொரு குரல் சேர்ந்தது. கரகரத்த குரல், ஆனால் சொல் ஒவ்வொன்றும் உடையாமல் வந்தது. நான் கோப்பையோடு ஓடி வந்தேன். அண்ணை வாசிப்பதை நிறுத்திவிட்டார். என் கணவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நாலாம் அடியை முடித்தார்.

பக்கத்து வளவு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டா. அவ வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவ. அவவின் புருசன் கடலில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்.

"என்ரை மாதாவே! பேச்சு வந்திட்டுதடி!"

"செய்யுள் வந்திட்டுது," என்றார் அண்ணை. "முதல் செய்யுள், பிறகு பயன். பயன் பின்னாலை வரும் தங்கச்சி. எங்கை போகப்போகுது?"

"எனக்கெண்டா பயமாக் கிடக்கு," என்றா அக்கா. "இனி இவளின்ரை குழம்புக்கு உப்புக் காணாதெண்டாலும் உந்தாள் விருத்தத்திலையெல்லோ பாடப்போகுது."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். நான் அன்றைக்குச் சிரித்தது போல அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

கோயிலில் பொங்கினோம். வவுனியாவில் கட்டிக் கொடுத்த மகளுக்குப் போன் எடுத்து, போனை அவருடைய வாயருகில் பிடித்தேன். அவர் முழுச் செய்யுளும் சொன்னார். மகள் அந்தப் பக்கத்தில் அழுதாள். அடுத்த செவ்வாய் கிளினிக் நாள். கடல் கொஞ்சம் எழும்பியிருந்தது, ஆனால் படகு ஓடியது. "பெரியாஸ்பத்திரியாலை ஏலாததை முருகன் செய்திட்டான். இனி ஏன் அந்தாளைப் போட்டு இழுக்கிறாய்?" என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அவர்கள் சொன்னதால்தான் போகவில்லை என்று நான் எழுதமாட்டேன். துறையடியில் போய் நாலு பேரைக் கேட்கத் தேவையில்லை என்றதும் எனக்கு மனம் இலேசானது. கிளினிக் அட்டையை அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்தேன். நாலரை மாதம் அதை எடுக்கவில்லை.

அந்த மாதங்களில் வீடு நிறையச் செய்யுளாக இருந்தது. காலையில் எழுப்பினால் ஒன்று, முகம் துடைத்தால் ஒன்று. நான் அதையெல்லாம் எனக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டேன். ஆற்றைப் பற்றிய செய்யுள் வந்தால் தண்ணீர் கொடுத்தேன். மழையைப் பற்றி வந்தால் ஓடிப்போய்க் கொடியில் காய்ந்த உடுப்பை எடுத்தேன். நாட்டை விட்டுச் சனம் போகிற செய்யுள் ஒன்று வந்த அன்று, மகளைக் காண ஆசைப்படுகிறார் என்று நினைத்து அவளை வரச் சொன்னேன். தண்ணீரைச் சில நேரம் குடிப்பார், சில நேரம் தட்டிவிடுவார். குடித்ததை நினைவில் வைத்தேன், தட்டிவிட்டதை மறந்தேன். பயன் பின்னால் வரும் என்று இருந்தேன்.

மார்கழியில் கோயிலில் மாதம் முழுக்க நடக்கும் புராணப் படிப்புத் தொடங்கியது. முதல்நாள் அவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். குளிக்க வார்த்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி விட்டேன். அவர் முன்பு இருக்கும் இடத்தில், வாசிக்கிற அண்ணைக்கு எதிரே, கதிரையை வைத்தார்கள். ஊர்ச் சனம் எல்லாம் வந்திருந்தது. பக்கத்து வளவு அக்காவும் கோயில் வாசலில் நின்றா.

அண்ணை முதல் செய்யுளை வாசித்து நிறுத்தினார். எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். அண்ணை வாசித்த அதே செய்யுளைத் திரும்பச் சொன்னார். பிழையில்லாமல் சொன்னார். சனம் தலையை ஆட்டியது. பிறகு பயனுக்காகக் காத்திருந்தது.

அவர் மறுபடியும் அந்தச் செய்யுளையே சொன்னார்.

"ஓம், இனிப் பயனைச் சொல்லும்," என்றார் அண்ணை மெதுவாக.

மூன்றாம் முறை சொல்லத் தொடங்கியபோது அவருக்கே விளங்கிவிட்டது. பாதியில் நிறுத்தினார். "இது," என்றார். "இது, இது, இது." இடது கையால் தன் வாயில் அடித்தார். இரண்டாவது அடிக்கு அண்ணை எழுந்து கையைப் பிடித்துவிட்டார். முன்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். தாய்மார் அவர்களை அதட்டினார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். எழுந்து அவரிடம் போகவேண்டும் என்று தெரிந்தது. அவ்வளவு சனத்தைத் தாண்டி என்னால் போகமுடியவில்லை. அதை நான் மறக்கவில்லை. அவரும் மறந்திருக்கமாட்டார்.

தை பிறந்ததும் அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பயிற்சி கொடுக்கிற பிள்ளைக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். கோப்பை, பூட்டுத் திறப்பு, நாய். எல்லாவற்றுக்கும் இது. பிறகு நான் சொன்னதைக் கேட்டு, ஒரு செய்யுளின் முதற்சொல்லை அவளே எடுத்துக் கொடுத்தாள். அவர் முழுவதையும் சொன்னார்.

"பாடமாக்கினது வேறை இடத்திலை இருக்கும் அம்மா. நினைச்சுக் கதைக்கிறது வேறை இடம். பாட்டு வந்தா பேச்சும் வரும் எண்டில்லை," என்றாள். பிறகு அட்டையைப் புரட்டினாள். "இவ்வளவு நாளும் ஏன் கூட்டிக்கொண்டு வரேல்லை?"

நான் குனிந்து அவருடைய வேட்டியைச் சரிசெய்தேன். படகில்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். அதுவும் வாயில் வரவில்லை.

"பேசுறதில்லையோ அம்மா நீங்களும்?" என்று அவள் பகிடியாகக் கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "தொடக்கத்திலை விட்டது விட்டதுதான். இப்பவும் கொஞ்சம் வரலாம். கனக்க எதிர்பாக்காதேங்கோ. என்ன?"

"ஓம்," என்றேன்.

வாசிக்கிற அண்ணை பல நாளாக வரவில்லை. வெட்கமாக இருந்திருக்கும். எனக்கும் அவரைப் பார்க்க வெட்கம். ஆனால் என் கணவரின் புராணப் புத்தகம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. மாசி மாதம் ஒரு பகலில், செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், அதை எடுத்து அவர் முன்னால் இருந்து வாசிக்கத் தொடங்கினேன். எனக்கு இராகம் தெரியாது. சொற்களைப் பிரிக்கவும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒரு செய்யுளை முடித்து நிறுத்தினேன். அந்த இடத்தில் ஒருவர் பயன் சொல்லவேண்டும். சொல்ல ஆளில்லை. நானே எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

அவர் இடது கையால் கதிரைக் கையில் தட்டினார். டக்.

"என்ன? பிழையோ?"

டக்.

வேறு விதமாகச் சொன்னேன். டக். மூன்றாவதாகச் சொன்னேன். தட்டவில்லை.

நான் எழுந்து குசினிக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பயன் முழுவதும் உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு சொல்லின் பொருளும் அவருக்குத் தெரிகிறது. இவ்வளவு நாளும் நான் கொடுத்த தண்ணீரையும், எடுத்த உடுப்பையும், வரவழைத்த மகளையும் பார்த்துக்கொண்டு, இது இல்லை இது இல்லை என்று உள்ளே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று தெரிந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஆனாலும் அடுத்த நாளும் வாசித்தேன். ஆடுகளுக்குக் குழை போட்டுவிட்டு, பத்துமணி போலப் புத்தகத்தோடு இருந்தால் உலை வைக்கும்வரை. ஒரு நாளுக்கு மூன்று செய்யுள், சில நாள் ஒன்று. கடினமான சொல் வந்தால் மகளிடம் போனில் கேட்பேன். அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்களிடம் கேட்டுச் சொல்வாள். படித்தவர்கள் சொன்ன பொருளுக்கும் சில நேரம் அவர் டக் என்று தட்டுவார். எனக்கு அது பெருமையாக இருக்கும்.

அதிலே ஒரு இடம். போரில் தோற்ற பக்கத்துச் செய்தி அரண்மனைக்கு வருகிறது. மகன்மார் எல்லோரும் போய்விட்டார்கள். ஆளில்லாத குதிரைகள் மட்டும் திரும்பி வந்து வாசலில் நிற்கின்றன. அரசி அழுகிறாள் என்றுதான் அடுத்த அடியில் வரும் என்று நினைத்தேன். இல்லை. குதிரைகளுக்குத் தண்ணீர் வைக்கச் சொல்கிறாள். அவ்வளவுதான். பிறகு புராணம் வென்ற பக்கத்துக்குப் போய்விடுகிறது. அந்த அரசியைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல்லும் கிடையாது. தேடிப் பார்த்தேன்.

நல்ல நூல்கள் மனிதருக்கு வழி காட்டும், நம்பிக்கை தரும் என்று கோயிலில் சொல்வார்கள். என் கணவரும் சொல்லியிருக்கிறார். எனக்கு அவை நம்பிக்கை தந்தன, அந்த நம்பிக்கையால் நாலரை மாதத்தை இழந்தேன். அதை நான் நூலின் மேல் போடமுடியாது, பிழை என்னுடையது. வழி என்று பார்த்தால், அந்த அரசி செய்ததை நானும் செய்கிறேன். காலையில் எழுந்து ஆடுகளுக்குத் தண்ணீர் வைக்கிறேன். அதனால் ஒன்றும் மாறவில்லை. ஆனால் தண்ணீர் வைக்காமல் படுத்துக் கிடந்த நாட்களும் இருந்தன. இப்போது அப்படி இல்லை.

சித்திரையில் மறுபடி கிளினிக் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அன்றும் கோப்பை, திறப்பு, நாய். அன்றும் இது. ஊர்காவற்றுறையில் பின்னேரப் படகு நிறைய ஆட்கள். காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, யாரோ வாங்கிய புதுப் பாய். அவருடைய கதிரையை நடுவில் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். படகு வெளிக்கிட்டுப் பாதித் தூரம் வந்ததும் அவர் செய்யுள் சொல்லத் தொடங்கினார். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி உரத்துச் சொன்னார்.

"ஐயா றேடியோ போட்டிட்டார்," என்றான் ஒரு பெடியன். சிலர் சிரித்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடலைப் பார்த்தேன்.

பாயோடு இருந்த இளம் பெண் என்னைத் தொட்டாள். "அக்கா, அதென்ன சொல்லுறார்? நல்லாக் கிடக்கு. விளங்கேல்லை."

அவர் செய்யுளை முடித்து நிறுத்தியிருந்தார். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில் அந்தக் கடைசி வரிசையில் இருந்தது நினைவுக்கு வந்தது. நான் தொண்டையைச் செருமினேன்.

"ஒருத்தன் சண்டையிலை நிக்கிறான்," என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"கேக்கேல்லை அக்கா, உரத்துச் சொல்லுங்கோ," என்றான் றேடியோ என்று சொன்ன பெடியன்.

"ஒருத்தன் சண்டையிலை நிக்கிறான். வில்லும் முறிஞ்சு போச்சு, தேரும் உடைஞ்சு போச்சு. எல்லாம் போனாலும் தனக்கு இன்னும் கால் இருக்கெண்டு இறங்கி நடந்தான்."

டக்.

படகில் எல்லோரும் அவருடைய கையைப் பார்த்தார்கள்.

"பிழையாம்," என்றேன். சிலர் சிரித்தார்கள், ஆனால் அது வேறு சிரிப்பு. நான் யோசித்தேன். "கால் இருக்கெண்டு நடக்கேல்லை. அந்த இடத்திலை நிக்க ஏலாதெண்டு நடந்தான்."

அவர் தட்டவில்லை.

"பிறகு அவன் வெண்டானோ அக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. அடுத்த செய்யுளிலை செத்துப்போறான்."

"அட சிவனே," என்றார் ஒரு கிழவர்.

துறை வந்தது. நாலு பேர் தாங்களாகவே முன்னுக்கு வந்து கதிரையைத் தூக்கினார்கள். நான் கேட்கவில்லை. மேலே ஏற்றி வைத்துவிட்டு அவர்கள் தங்கள் சாமான்களை எடுக்கப் போனார்கள். நான் குனிந்து, கழன்றிருந்த அவருடைய செருப்பைக் காலில் மாட்டினேன். அவர் இடது கையால் என் தோளைப் பிடித்தார். வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு எதையோ தேடித் தேடிப் போனது. நான் அசையாமல் இருந்தேன். சுற்றி ஆட்கள் நின்றார்கள், அதையும் நான் பார்க்கவில்லை.

"இது," என்றார்.

"வீட்டை போவமோ?" என்று கேட்டேன்.

தலையை அசைத்தார், இல்லை என்று. தோளை விடவில்லை.

"தண்ணியோ? கால் நோகுதோ? நான் பயனைப் பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

எல்லாவற்றுக்கும் இல்லை. கேட்க எனக்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. அவர் திரும்பவும் "இது" என்றார், கொஞ்சம் மெதுவாக.

"ஓம்," என்றேன்.

அவர் கேட்டது என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது. அவர் கையை எடுத்து மடியில் வைத்தார். நான் கதிரையைப் பின்னால் இருந்து தள்ளினேன். வீட்டுக்குப் போகும் ஒழுங்கை மணலில் சில்லுப் புதைந்தது. பக்கத்து வளவு அக்கா கண்டுவிட்டு, முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்க வந்தா.